அங்க யாருப்பா எழுப்புவா?

சென்ற ஜூனில் என் மகள் கோவைக்குப் படிக்கக் கிளம்பிய அன்று காலையிலும் நான் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கூடலூரில் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது பன்னீர் திராட்சை. பந்தலுக்கு அடியில் குனிந்து வந்தவள், "அங்க யாருப்பா என்னையப் பூசைக்கு எழுப்புவா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். என் கத்தரி நின்றுவிட்டது.

35 ஆண்டுகளுக்கு முன் நான் திருச்சி விடுதிக்குப் போனபோது இதைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஊரில் ஞாயிறு காலை மணி அடிக்கும். அதற்கும் எழாவிட்டால் அம்மா முகத்தில் தண்ணீர் தெளிப்பார். விடுதியில் முதல் ஞாயிறு தூங்கிவிட்டேன். இரண்டாம் ஞாயிறு துணி துவைத்தேன். மூன்றாம் ஞாயிறு கிரிக்கெட். படித்தவனுக்கு விசுவாசம் போய்விடும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். எனக்குப் படிப்பால் போகவில்லை, தூக்கத்தில் போனது. அதுவரை அம்மாவின் விசுவாசத்தைத்தான் இரவல் உடுத்தியிருந்தேன்.

தீபாவளி லீவு முடிந்து திரும்பியதும் அறைத்தோழன் ஒருவன், தூத்துக்குடிக்காரன், "துணைக்காச்சும் வால" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனான். துணைக்குப் போனவன்தான் நான்.

இப்படி ஓர் அறையிலிருந்துதான் சேசு சபையே முளைத்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1529-ல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில், பீட்டர் ஃபேபரும் பிரான்சிஸ் சவேரியாரும் தங்கியிருந்த அறைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவர்கள் இருவருக்கும் 23 வயது. வந்தவருக்கோ நாற்பதை நெருங்கும் வயது; போரில் குண்டு பட்டுக் கால் தாங்கி நடப்பவர். அவர் இஞ்ஞாசியார். தத்துவப் பாடம் புரியாமல் திணறிய அவருக்கு ஃபேபர் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் ஃபேபருக்குச் செபிக்கச் சொல்லிக்கொடுத்தார். சவேரியார் லேசில் மசியவில்லை. அவருக்கு விளையாட்டும் பெரிய பதவிக் கனவுகளும் இருந்தன. ஆனாலும் 1534 ஆகஸ்ட் 15 அன்று மோமார்த்தர் குன்றில் வாக்குறுதி கொடுத்த ஏழு பேரில் அவரும் ஒருவர். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு, என்னை இழுத்துப்போனவனின் சொந்தக் கரைக்கு, வந்து சேர்ந்தவரும் அவரே.

இஞ்ஞாசியார் விட்டுச்சென்ற பயிற்சிகளில் மாணவர்களுக்கு மிகவும் கைகொடுப்பது ஆத்தும சோதனை. படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் போதும். அன்று கிடைத்தவற்றுக்கு நன்றி சொல்வது, உள்ளதை உள்ளபடி பார்க்க ஒளி கேட்பது, காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, மறுநாளுக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. இவ்வளவுதான்.

திராட்சைக்காரனுக்கு இது எளிதில் பிடிபடும். கொடியை அதன் போக்கில் விட்டால் பந்தல் முழுக்க இலை அடையும். பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கும், குலை இருக்காது. நாலைந்து கண் விட்டு வெட்டினால்தான் பூ எடுக்கும். யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் இயேசு பேசுவதும் இந்தக் கவாத்தைப் பற்றித்தான். இந்தப் பன்னீர் ரகத்தையே 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள்.

வெட்டினால் மட்டும் போதாது, காய்க்கவும் வேண்டும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஐக்கஃப். சேசு சபையைச் சேர்ந்த கார்ட்டி அடிகளார் 1924-ல் தொடங்கிய கத்தோலிக்க மாணவர் இயக்கம் அது. 1937-ல் பிரான்சிலிருந்து வந்த செராக் அடிகளார் அதன் வழிகாட்டியாக இருந்த காலத்தில், செபக்கூட்டம் முடிந்த கையோடு மாணவர்களைச் சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் உடலுழைப்புக்கு அழைத்துப்போவார். 2012-ல் சென்னையில் இறக்கும்வரை ஏழைகளைவிட்டு அவர் விலகவே இல்லை.

எங்கள் கிளை செய்தது சின்ன வேலை. சனிக்கிழமை மாலைகளில் குடிசைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஒருநாள் கழித்தலுக்கு, "ஏழு இட்லில மூணு தின்னுட்டா மிச்சம் எத்தனை?" என்று கேட்டேன். "எங்க வீட்ல ஏழு இட்லி ஏதுண்ணே?" என்றான் ஒரு பையன். அன்றிரவு ஆத்தும சோதனைக்கு நான் விஷயம் தேட வேண்டியிருக்கவில்லை.

கோயிலும் ஃபாதரும் உள்ள கல்லூரி எல்லாருக்கும் வாய்க்காது. அமெரிக்காவில் 1893-லேயே பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் கர்தினால் நியூமன் பெயரில் தாங்களாகவே ஒரு சங்கம் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் அக்கா மகன் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியில் படித்தவன். வெள்ளிக்கிழமை தவறாமல் தொழுகைக்குக் கிளம்பும் கூட்டாளியைப் பார்த்துப் பார்த்துத்தான் தன் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது என்பான்.

அன்று பந்தலடியில் மகளிடம் சொன்னேன்: "போன முதல் வாரமே பக்கத்துல எந்தப் பங்குன்னு விசாரிச்சுக்கத்தா. கூட வர ஒருத்தியப் பாரு. ராத்திரி பத்து நிமிசம் உக்காரு. பாவசங்கீர்த்தனத்தப் பரீட்சைக்கு மொத நாளுக்குன்னு சேத்து வைக்காத." தலையாட்டினாள். பிள்ளைகள் பஸ் ஏறும் அவசரத்தில் எதற்கும் தலையாட்டுவார்கள்.

முதல் மாதம் இரண்டு ஞாயிறு தூங்கிவிட்டதாக அவளே சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை; எனக்குச் சொல்ல என்ன யோக்கியதை? செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலிலிருந்தே போன் செய்தாள். பக்கத்து அறையில் அனுமந்தன்பட்டிப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாளாம். மூன்று வாரமாகக் கூப்பிட்டும் போர்வையைவிட்டு வெளியே வரவில்லையாம்.

"இன்னிக்கு வந்துட்டாளா?"

"வந்துட்டாப்பா. அப்பத்தா மாதிரி தண்ணி தெளிச்சுட்டேன்."