மூச்சடங்கிய கிருமியும் ஆறு மாத மருந்தும்

காசநோய் பற்றிய பேச்சில் நோயாளியின் ஒழுக்கம் முன்னிறுத்தப்படுவதும், நோயின் பௌதிக அடிப்படை பின்தள்ளப்படுவதும் வழக்கமாகிவிட்டன. இருமல் தணிந்ததும் மருந்தை இடையில் விட்டவர் ‘பொறுப்பற்றவர்’ எனப்படுகின்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக் கூலியாளருக்கும் கடற்றொழிலாளருக்கும் தொழிலுக்குப் போகாத நாள் வருமானமற்ற நாள் என்பது இக்கூற்றில் இடம்பெறுவதில்லை. உடல் தேறிய பின்னரும் மருந்து ஏன் தொடரவேண்டும்? விடை, கிருமி சுவாசிக்கும் முறையிலே தங்கியுள்ளது.

மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1873இல் இலங்கையை விட்டுச் சென்றார். றொபேட் கொக் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882இல். ஆகவே கிறீனின் மாணவர் இந்நோயைக் கண்டிருப்பினும் அதன் காரணியை அறிந்திருக்க வழியில்லை. அவர் உருவாக்கிய கலைச்சொற்களை மட்டுமே நினைவுகூரும் இலக்கிய மாணவராகிய நாம் இதனை மறந்துவிடுகின்றோம்.

இக்கிருமி ஒட்சிசன் இன்றிப் பெருகாதது. உணவிலிருந்து பிரியும் இலத்திரன்கள் அதன் மென்சவ்விலுள்ள புரதங்களிடையே கைமாறி, இறுதியில் ஒட்சிசனைச் சேர்கின்றன. அவ்வேளை வெளித்தள்ளப்படும் புரோத்தன்கள் உள்ளே திரும்பிப் பாயும் விசையினால், கலத்தின் சத்தி நாணயமாகிய ஏ.ரி.பி. உண்டாகின்றது. உடலோ கிருமியைக் கலங்களால் சூழ்ந்து சிறுகணுவாக அடைத்துவிடுகின்றது. குருதிக்குழாய் எட்டாத அதன் நடுப்பகுதியில் ஒட்சிசன் அருகும்.

அங்கே கிருமி மடிந்தொழியவேண்டும், ஆனால் மடிவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் லோறன்ஸ் வேய்ன் மூடிய குழாய்களில் கிருமியை வளர்த்து இதனை விளக்கினார். ஒட்சிசன் திடீரெனப் பறிக்கப்படின் கிருமி இறக்கின்றது. மெல்ல மெல்லக் குறையின் பழகிக்கொள்கின்றது. 1996இல் அவர் அப்பழக்கத்தை இரு படிகளாக வகுத்தார். அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதனை உதாரணங்காட்ட நமக்கு ஆசை எழுகின்றது. எனினும் சூத்திரத்தை இயற்கைமீது சுமத்துவதிலும் பொறிமுறையை நோக்குவதே பயனுடையது.

ஒட்சிசன் குறைவதை உணரும் இரு புரதங்கள் டெவ்ஆர் என்னும் மூன்றாவதைத் தூண்ட, அது ஏறத்தாழ ஐம்பது பரம்பரையலகுகளை இயக்குகின்றது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தினர் டெவ்ஆர் ஆய்வில் முன்னோடிகள். அருகிய ஒட்சிசனையும் பற்றவல்ல சைற்றோகுரோம் பீடீ என்னும் நொதியம் கிருமிக்குண்டு. ஒட்சிசன் முற்றாக அற்றவிடத்து நைத்திரேற்று இலத்திரனை ஏற்கும். கிருமி வளராது, பிளவுறாது. மென்சவ்வின் விசையை மாத்திரம் காத்துக் கிடக்கும்.

ஐசோனியசிட்டு மருந்து கலச்சுவர் கட்டப்படுவதைத் தடுப்பது. கட்டாத கிருமியை அது என்செய்யும்? இதனாலேயே முதலிரு மாதங்கள் நான்கு மருந்துகளும், பின் நான்கு மாதங்கள் ஐசோனியசிட்டும் றிபாம்பிசினும் வழங்கப்படுகின்றன. இருமல் நிற்பது பெருகிய கிருமிகள் அழிந்ததைக் காட்டுமேயன்றி உறங்குபவை அழிந்ததையல்ல.

நோயாளியின் வறுமையைக் காட்டி நம்பிக்கையிழப்போருக்கு, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தின் அனுபவம் தக்க மறுமொழி. ஓராண்டு மருந்துண்ட ஏழை நோயாளரை ஒப்பிட்டு 1959இல் வெளிவந்த அதன் ஆய்வு, நெரிசலான வீட்டிலிருந்தோர் நல்லுணவும் ஓய்வும் பெற்ற மருத்துவமனையாளருக்கு ஏறத்தாழ ஒப்பக் குணமடைந்ததைக் காட்டியது. அங்கு வீடு தேடிச்சென்று கவனித்தனர் என்பது மனங்கொளத்தக்கது.

கிருமியின் சுவாசத்தையே தாக்கும் பெடாகுவிலின் என்ற மருந்து 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏ.ரி.பி. ஆக்கும் நொதியத்தை அது முடக்குவதால் உறங்கும் கிருமியும் மடிகின்றது. மற்றைய மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கே அது பெரிதும் பயன்படுகின்றது. அதன் தனியுரிமையை நீடிக்க ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி செய்த விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. எதிர்த்து வழக்காடியோருள் இருவர், காசநோயிலிருந்து மீண்ட பெண்கள்.