கடத்துப் புரதங்களைச் செல் கட்டுப்படுத்தும் விதம்: பிச்சாவரத்து வெண்கண்டலும் வயல் நெல்லும்

திட்டக்குடி வழியாக ஓடிவரும் வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்கும், தெற்கேயுள்ள கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையில் பிச்சாவரம் அலையாத்திக் காடு அமைந்துள்ளது. ஏறத்தாழ 1100 ஹெக்டேர் பரப்புள்ள இக்காட்டில் வெண்கண்டல் மரங்கள் (அவிசென்னியா மரீனா) உவர்நீரில் வேர்விட்டுச் செழித்து நிற்கின்றன. அதே நீர் பக்கத்து வயலில் புகுந்தால் நெற்பயிர் கருகிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது கடலூர் மாவட்டக் கரையோர வயல்களில் உழவர்கள் இதைக் கண்கூடாகக் கண்டனர்.

இரண்டும் பூக்கும் தாவரங்களே. இரண்டின் செல் சவ்விலும் உப்பை வெளியேற்றும் புரதங்கள் ஏறக்குறைய ஒரே வகையாக உள்ளன. அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அப்புரதங்களைச் செல் எவ்வளவு உண்டாக்குகிறது, எங்கே பொருத்துகிறது, எப்போது இயக்குகிறது என்பதே விடையின் பெரும்பகுதி. இதனைக் கடத்துப் புரதங்களின் ஒழுங்குபடுத்தல் என்பர்.

சவ்வும் அதன் வாயில்களும்

செல் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவை அதனூடே தாமாகவே நுழைந்துவிடும். மின்சுமை கொண்ட சோடியம், பொட்டாசியம் அயனிகளுக்கு அது மூடிய சுவர். அவை சவ்வில் பதிந்துள்ள கடத்துப் புரதங்கள் வழியாகவே செல்ல வேண்டும். இப்புரதங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

கால்வாய்ப் புரதங்கள் திறந்தால், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அயனியோ நீரோ பாயும். நீருக்கென்றே உள்ள கால்வாய் அக்குவாபோரின். இதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தாங்கிப் புரதங்கள் ஒரு பொருளைப் பற்றி, வடிவம் மாறி, மறுபுறம் விடும். பம்புகள் ஏ.டி.பி. ஆற்றலைச் செலவிட்டு, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு ஏற்றிவிடும்.

உப்பு ஏன் கெடுதல் செய்கிறது?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. மண்ணில் உப்பு மிகும்போது வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகிறது. அத்துடன், பொட்டாசியம் நுழையும் வழிகளில் சிலவற்றைப் பயன்படுத்திச் சோடியமும் உள்ளே வந்துவிடுகிறது. பல நொதிகள் வேலை செய்யப் பொட்டாசியம் தேவை. அந்த இடத்தைச் சோடியம் பிடித்தால் அவை முடங்கும். மண் உப்புத்தன்மையின் மின்கடத்து அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். கடல்நீரின் அளவோ சுமார் 50.

செல் கையாளும் நான்கு வழிகள்

முதலாவது, எண்ணிக்கையை மாற்றுதல். உப்பு மிகும்போது, சோடியத்தை வாக்குவோலுக்குள் தள்ளிப் பூட்டிவைக்கும் என்.எச்.எக்ஸ்.1 புரதத்தின் மரபணு நெல்லில் கூடுதலாகச் செயல்படுகிறது. இந்தப் புரதத்தின் பங்கை 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் செடியில் அதற்கே உரிய இந்த மரபணுவை மிகையாகச் செயல்பட வைத்தார்கள். சாதாரணச் செடிகள் வாடிய உப்புநீரில் அச்செடிகள் வளர்ந்தன. புதிய வாயில் எதையும் சேர்க்கவில்லை, இருந்த வாயிலின் எண்ணிக்கையைத்தான் கூட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, இயக்கி நிறுத்துதல். வேர்ச் செல்லின் சோடியத்தை வெளியேற்றும் புரதம் எஸ்.ஓ.எஸ்.1. உப்பு இல்லாத வேளையில் அதன் வால்பகுதியே அதை அடைத்து வைத்திருக்கும். உப்பு பட்டவுடன் சைட்டோபிளாசத்தில் கால்சியம் உயர்கிறது. அந்தக் கால்சியத்தை எஸ்.ஓ.எஸ்.3 உணர்ந்து எஸ்.ஓ.எஸ்.2 நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி எஸ்.ஓ.எஸ்.1-இன் வால்பகுதியில் பாஸ்பேட் ஒன்றைச் சேர்க்கிறது. உடனே அடைப்பு விலகி, புரதம் வேலையைத் தொடங்குகிறது. புதிய புரதத்தை உருவாக்கக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இது விரைவான முறை.

மூன்றாவது, இடம் மாற்றுதல். உப்புக்கு ஆளான அராபிடாப்சிஸ் வேரில், அக்குவாபோரின்களில் ஒரு பகுதி சவ்விலிருந்து நுண்பைகளாகச் செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. நம் உடலிலும் இதே முறை உண்டு. இன்சுலின் வந்தால் தசைச் செல் தன்னுள் வைத்திருக்கும் குளூட்4 என்னும் குளுக்கோஸ் வாயில்களைச் சவ்வுக்குக் கொண்டுவருகிறது. வாசோப்ரெசின் சுரந்தால் சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளங்களில் அக்குவாபோரின்-2 சவ்வில் வந்து பொருந்தி, நீர் வீணாகாமல் காக்கிறது. வேண்டாத வாயில்களுக்கு யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டி, செல் அவற்றைச் சிதைத்தும் விடுகிறது.

நான்காவது, ஆற்றலைக் கட்டுப்படுத்துதல். எஸ்.ஓ.எஸ்.1 ஒரு சோடியத்தை வெளியே விட ஒரு புரோட்டானை உள்ளே விடுகிறது. அந்தப் புரோட்டான்களை ஏற்கெனவே வெளியேற்றி வைத்திருப்பது ஏ.டி.பி.யில் இயங்கும் புரோட்டான் பம்பு. பம்பு நின்றால் சோடியம் வெளியேற்றமும் நின்றுவிடும்.

நெல்லுக்குள்ளேயே உள்ள வேறுபாடு

எல்லா நெல்லும் உப்புக்கு ஒரே மாதிரி அஞ்சுவதில்லை. கேரளத்தின் பொக்காளி, வங்கத்தின் நோனா போக்ரா ஆகியவை உப்பைத் தாங்கும் நாட்டு வகைகள். நோனா போக்ராவின் இத்தன்மைக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றை 2005-ல் கண்டறிந்தனர். அது ஒரு சோடியம் கடத்துப் புரதத்துக்கு உரியது. வேரிலிருந்து மேலேறும் சைலச் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுத்து, இலைக்குப் போகாமல் அது காக்கிறது. உப்பைத் தாங்காத ஜப்பானிய வகையான கோஷிஹிகாரியிலும் இப்புரதம் உண்டு. நான்கு அமினோ அமிலங்களே வேறு. அந்தச் சிறு மாற்றம் அதன் செயல்திறனை மாற்றிவிட்டது.

வெண்கண்டல் செய்வது என்ன?

வெண்கண்டல் பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. மீறி மேலேறும் உப்பை இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. வெயில் நாளில் அதன் இலையை உற்றுப் பார்த்தால் நுண்ணிய உப்புப் படிகங்கள் தெரியும். இதன் நெருங்கிய உறவான அவிசென்னியா அஃபிசினாலிஸ் மரத்தைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டனர். சுரப்பி உப்புநீரை இடைவிடாமல் கொட்டுவதில்லை, விட்டுவிட்டே சுரக்கிறது. சுரப்பிச் செல்களில் அக்குவாபோரின் மரபணுக்கள் செயல்படுகின்றன. பிச்சாவரத்தின் சுரபுன்னைக்கு இத்தகைய சுரப்பிகள் இல்லை. அது வேரில் தடுப்பதையே பெரிதும் நம்பியுள்ளது.

எல்லையும் உண்டு

உப்பை வெளியேற்றச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஆற்றலே. உப்பு கூடக் கூடச் செலவும் கூடும். ஓர் அளவுக்கு மேல் வெண்கண்டலாலும் தாங்க இயலாது. பிச்சாவரத்தில் முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்கள் பள்ளமாயின. அங்கே தேங்கிய கடல்நீர் ஆவியாகி, மண்ணின் உப்பு கடல்நீரைவிட மிகுந்தது. அதனால் மரங்கள் மீண்டும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையுடனும் கிராம மக்களுடனும் சேர்ந்து கால்வாய்கள் வெட்டி, அலைநீர் வந்துபோக வழி செய்து, கன்றுகளை நட்டது. மண்ணின் உப்பு குறைந்து காடு மீண்டது.

கடைமடை வயலுக்கும் இது பொருந்தும். உப்பைத் தாங்கும் நெல் வகை ஓரளவுக்கே கைகொடுக்கும். ஆற்றில் நன்னீர் வந்து உப்பைக் கழுவிச் சென்றால்தான், அந்த நெல்லின் சவ்விலுள்ள வாயில்கள் தம்மால் இயன்ற அளவுக்குள் வேலை செய்ய முடியும்.