பதினொரு மாநாடும் பத்து இடைவெளியும்

1966 முதல் 2023 வரை உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 11 தடவை கூடியிருக்கிறது. மொத்தம் 57 வருடம், நடுவில் 10 இடைவெளி. வருடக் கணக்கில் அவற்றை வரிசையாக எழுதினால் இப்படி வரும்: 2, 2, 4, 7, 6, 2, 6, 20, 4, 4. சராசரி 5.7. இந்தச் சராசரியை நம்பிக் கொழும்பு வெள்ளவத்தையில் யாரும் மண்டபம் பிடிக்க முடியாது.

தனிநாயகம் அடிகளின் முயற்சியில் 1964 ஜனவரியில் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில். 21 மாதம் கழித்துச் சென்னை, அதிலிருந்து 30 மாதத்தில் பரிஸ். கரம்பனில் பிறந்த அந்தக் குருவானவர் கடிதம் எழுதிக் கடிதம் எழுதி இழுத்த தேர் அது. அடுத்த ஊரை யார், எந்த மாதத்துக்குள் தீர்மானிப்பது என்ற ஒழுங்கு அவருக்குப் பின் நிலைக்கவில்லை. அதன் பலனைத்தான் மேலே உள்ள எண்கள் சொல்கின்றன.

நான்காவது மாநாட்டில் போட்டி இலங்கையின் இரண்டு நகரங்களுக்கு இடையில் வந்தது. அரசு கொழும்பைச் சொன்னது. ஏற்பாட்டாளர்கள் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே யாழ்ப்பாணத்தைச் சொன்னார்கள். சு. வித்தியானந்தன் தலைமையில் 1974 ஜனவரி 3 இல் யாழ்ப்பாணத்திலேயே தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வரவிருந்த பலருக்கு விசா கிடைக்கவில்லை. 10 ஆம் திகதி இரவு பொதுக்கூட்டத்தில் பொலிஸ் புகுந்ததில் இறந்தவர்கள் 9 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இடத்தைத் தெரிவுசெய்ய எழுதிய விதி ஒன்று இருந்திருந்தால் இது நடந்திராது என்று நான் சொல்லமாட்டேன். அரசே எதிர்த்து நின்றால் விதிப் புத்தகம் குடைகூடப் பிடிக்காது. 1995 இல் மாநாட்டுக்காகத் தஞ்சாவூருக்குப் போன கா. சிவத்தம்பி உட்பட இலங்கை அறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டதும் அப்படித்தான்.

விதி உதவியிருக்கக்கூடிய இடம் வேறு. 2009 செப்டம்பரில் தமிழக அரசு ஒன்பதாவது மாநாட்டை 2010 ஜனவரியில் நடத்த விரும்பியது. கையில் இருந்தது 4 மாதம். மன்றத் தலைவர் நொபொரு கராஷிமா, கட்டுரை தயாரிக்கவே குறைந்தது ஒரு வருடம் வேண்டும் என்றார். அரசு ஜூன் வரை இறங்கிவந்தது, அதாவது 9 மாதம். அவர் கேட்டது 2010 டிசம்பர் அல்லது 2011 ஜனவரி, அதாவது 15, 16 மாதம். 2011 இல் தமிழகத்தில் சட்டமன்றத் தேர்தல். ஆறேழு மாத வித்தியாசத்தில் பேச்சு முறிந்தது. அதற்குப் பதிலாக ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் கூடியது செம்மொழி மாநாடு. மன்றம் அதில் இல்லை. ஒன்பதாவது மாநாட்டுக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 ஜூலையில் இன்னும் வேடிக்கை: சென்னையில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று, இரண்டுமே பதினொன்றாவது. மேலே நான் அந்த இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணியிருக்கிறேன்.

தொண்டர்களே நடத்தும் பிற மாநாடுகளைப் பார்ப்போம். டெபியன் கணினி மென்பொருள் ஆர்வலர்கள் 2000 முதல் 2025 வரை ஒரு வருடமும் தவறாமல் 26 தடவை கூடியிருக்கிறார்கள். இரண்டு தடவை இணையவழி. 2023 இல் கொச்சியில் கூடியபோது 35 நாடுகளிலிருந்து 474 பேர் வந்தார்கள். உலக அறிபுனைவு மாநாட்டில் இடத்தை இரண்டு வருடம் முன்பே உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். 2023 மாநாட்டுக்கான வாக்கு 2021 டிசம்பரில் நடந்தது. சீனாவின் செங்டு 2,006, கனடாவின் வின்னிபெக் 807. தோற்ற ஊருக்கும் அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. போட்டியில் நிற்கும் தொண்டர் குழுவுக்கு அது பெரிய உதவி.

முன்னறிவிப்புக்கு விலை போடலாம். ஒரு கணக்குக்கு 20 பேர், ஆளுக்கு வாரம் 4 மணித்தியாலம், 52 வாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,160 மணித்தியாலம். அதே வேலையை 39 வாரத்தில் முடிக்க ஆளுக்கு வாரம் 5 மணி 20 நிமிடம். 16 வாரம்தான் இருந்தால் 13 மணித்தியாலம். கந்தோருக்குப் போகிறவருக்குச் சனியும் ஞாயிறும் ஆறரை மணித்தியாலம் வீதம் போய்விடும். எழுதவேண்டிய கடிதம் ஒன்றுகூடக் குறையாது. பாதிப்பேர் இரண்டாம் மாதமே கழன்றுவிடுவார்கள்.

வெள்ளவத்தைக்கு இதில் அனுபவம் உண்டு. அவுஸ்திரேலியாவில் வாழும் லெ. முருகபூபதி முன்னின்று நடத்திய சர்வதேசத் தமிழ் எழுத்தாளர் மாநாடு 2011 ஜனவரி 6 முதல் 9 வரை இங்கே கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் கூடியது. ஏற்பாடு தொடங்கியது 2010 இன் தொடக்கத்தில், ஏறத்தாழ ஒரு வருடம் முன்பு. தமிழகத்திலிருந்து புறக்கணிப்புக் குரல் எழுந்தும் நின்று நடந்தது.

ஜனவரி தற்செயலல்ல. ஆராய்ச்சி மாநாடுகள் பதினொன்றில் ஐந்து ஜனவரியில் தொடங்கியவை, அவற்றில் நான்கு புதுவருடத்துக்கும் பொங்கலுக்கும் நடுவே முடிந்தவை. கொழும்புக்கும் அது பொருந்தும்: தென்மேல் பருவமழை இல்லை, 2016 மே மாதம் போல களனி கங்கை பெருகும் பயமும் குறைவு. துருத்து பௌர்ணமியை ஒட்டிய களனிப் பெரஹராவின் திகதியை மட்டும் பஞ்சாங்கத்தில் பார்க்கவேண்டும்.

நீண்ட கெடுவுக்கும் செலவு உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய், மே மாதம் 360. ரூபாயில் சேர்த்த 50 இலட்சம் 25,000 டொலரிலிருந்து 13,900 டொலருக்கு இறங்கியது. 2019 ஏப்ரல் 21 இல் கொட்டாஞ்சேனையின் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததை மாநாட்டை நடத்த விண்ணப்பிக்கும் எந்த ஊராரும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. ஆகவே முன்னறிவிப்பு 24 மாதத்துக்கு மேல் போகவேண்டாம் என்பேன். விண்ணப்பத்தில் மாற்று ஊர் ஒன்றும், வெளிநாட்டுச் செலவுக்கு டொலரிலேயே ஒரு பத்தியும் கட்டாயம்.

கொழும்பில் 2029 ஜனவரியில் ஒன்று கூடவேண்டுமானால் பின்னிருந்து எண்ணலாம். கட்டுரை அழைப்பு 2028 ஜனவரி. இடத் தீர்மானம் 2027 நவம்பர். கேள்வியும் நேரில் பார்வையிடலும் செப்டம்பர், ஒக்டோபர். விண்ணப்ப முடிவு ஓகஸ்ட் 31. விண்ணப்ப அழைப்பு 2027 மே. விண்ணப்பத்துக்கு நான்கு மாதம் தாராளம் போலத் தோன்றும். ஆனால் ஞாயிறு தோறும் நூல் வெளியீடும் அரங்கேற்றமும் நடக்கும் ஊரில் மண்டபக்காரரிடம் திகதியையும் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கவே முதல் ஒரு மாதம் போய்விடும்.