கிறிஸ்துமஸ் மரம் எந்த மரம்?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் கொடைக்கானலுக்கு மக்கள் திரள்கின்றனர். அவர்களில் பலர் வழியிலுள்ள செண்பகனூரைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்துவிட்டுச் சென்றுவிடுகின்றனர். 1895ஆம் ஆண்டில் இயேசு சபைத் துறவியர் நிறுவிய திரு இருதயக் கல்லூரி இங்குள்ளது. அதையொட்டி வளர்ந்ததே செண்பகனூர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பாடம் செய்த பறவைகள், விலங்குகள், பாம்புகள், பூச்சிகள் எனப் பழனி மலையின் உயிரினங்களைத் துறவியர் பல்லாண்டுகள் உழைத்துச் சேகரித்தனர்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அருங்காட்சியகத்திற்குச் செல்வது மேலைநாடுகளில் ஒரு வழக்கம். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆண்டுதோறும் ஒரு மரத்தை அலங்கரித்து வைப்பர். காகிதத்தை மடித்துச் செய்த உயிரினங்களே அதன் அலங்காரம். அங்குப் பூச்சியியல் பிரிவில் பணியாற்றிய ஆலிஸ் கிரே என்னும் அம்மையார், 1970களின் தொடக்கத்தில் தம் அலுவலகத்துச் சிறு மரம் ஒன்றில் காகித உருவங்களைத் தொங்கவிட்டார். அதுவே பின்னர்ப் பொதுமக்கள் காணும் பெரிய மரமாயிற்று. மரத்தில் தொங்குவது எந்தப் பிராணி என்று அங்கே குழந்தைகள் கேட்பார்கள். செண்பகனூரில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மரம் எது?

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் மரம் என்பது பிர் அல்லது ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். ஜெர்மானியரிடையே தோன்றிய இவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவி, அங்கிருந்து உலகெங்கும் சென்றது. ஆனால் நம் சமவெளியில் பிர் மரத்திற்கு எங்கே போவது? தமிழ்நாட்டு வீடுகளிலும் கோயில்களிலும் நெடுங்காலமாக அந்த இடத்தைப் பிடித்திருப்பது சவுக்குக் கிளை.

சவுக்கு நம்மை நன்றாக ஏமாற்றும் மரம். ஊசி இலை போலத் தோன்றுகிறது. கூம்பு போன்ற காயும் இருக்கிறது. ஆயினும் அது பைன் மரத்தின் உறவு அன்று. மாவையும் புளியையும் போலப் பூக்கும் தாவரம். ஒரு "ஊசியை"க் கையிலெடுத்து மெல்ல இழுத்தால் கணுவில் கழன்று வரும். கணுவைச் சுற்றி ஆறு முதல் எட்டுச் சிறு பற்கள் தெரியும். அப்பற்களே இலைகள். நாம் இலை என்று நினைத்தது பச்சை நிறக் குச்சி. இலையைப் பல்லளவு குறைத்துக்கொண்டு, குச்சியால் உணவு தயாரிக்கும் இம்மரத்துக்குக் கடற்கரை மணலின் வறட்சி ஒரு பொருட்டன்று.

உண்மையான ஊசியிலை மரங்களில் விதை கனிக்குள் மூடப்பட்டிருப்பதில்லை; கூம்பின் செதில்கள்மேல் திறந்து கிடக்கும். கொடைக்கானல் பகுதியில் பெருமளவில் நடப்பட்ட பட்டுலா பைனில் பெரும்பாலும் மும்மூன்றாகச் சேர்ந்த நீண்ட ஊசிகள் தொங்கும். சைப்ரஸில் ஊசிகளே இல்லை. செதில் போன்ற இலைகள் குச்சியோடு ஒட்டியிருக்கும். பூந்தோட்டங்களில் அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் அராகேரியாவும் இந்த வகுப்பைச் சேர்ந்ததே.

இவற்றுள் பலவற்றின் கோபுர வடிவத்திற்குக் காரணம் நுனி மொட்டு. அதில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஊக்கி கீழிறங்கிப் பக்கக் கிளைகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. நுனி மேலே ஓட, கிளைகள் பின்தங்க, மரம் கூம்பாகிறது. நுனியை ஒடித்துவிட்டால் பக்கக் கிளையொன்று நிமிர்ந்து தலைமையேற்பதைக் காணலாம். குளிர்நாட்டுப் பைன்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஓரடுக்குக் கிளை என எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். கொடைக்கானலில் இக்கணக்குப் பலிக்காது. பட்டுலா பைன் ஓராண்டிலேயே பல அடுக்குகள் விடும்!

பட்டுலா மெக்சிகோவின் மரம்; அராகேரியாவும் சைப்ரஸும் கூடக் கடல் கடந்து வந்தவையே. தென்னிந்தியாவுக்கே உரிய ஊசியிலை மரம் ஒன்றே ஒன்றுதான். நாகேயா வாலிச்சியானா என்னும் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளர்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஊசி இலையே கிடையாது! அகன்ற இலை, நடுநரம்பும் இல்லை. அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்று யாரும் அடையாளம் காணமாட்டார்கள்.

கொடைக்கானலின் அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி இயேசு சபைத் துறவியும் தாவரவியலாருமான கே. எம். மாத்யூ 1969ஆம் ஆண்டிலேயே தனி நூல் வெளியிட்டார். அவருடைய பழனி மலைத் தாவர நூல் 1999இல் வெளிவந்தது. எது எங்கிருந்து வந்தது என்னும் இக்கணக்கு வெறும் பெயர்ப் பட்டியல் என்று எண்ணிவிட வேண்டாம். மலையின் நீரே இதில் அடங்கியிருக்கிறது.

பழனி மலையின் உச்சிப் பரப்பு இயற்கையில் புல்வெளியாலும், மடிப்புகளில் ஒதுங்கிய சோலைக் காடுகளாலும் ஆனது. டிசம்பர், சனவரி இரவுகளில் வானம் தெளிந்திருக்கும்போது திறந்த புல்வெளியின் வெப்பம் விரைவாக வெளியேறி உறைபனி படியும். வெட்டவெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றுகள் பெரும்பாலும் அதில் கருகிவிடும். புல்லோ வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மரமில்லாத இடமெல்லாம் யாரோ வெட்டியழித்த இடம் என்று கருதுவது தவறு. நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தமை தெரியவந்தது.

ஆனால் திட்டமிட்டவர்கள் கண்ணுக்குப் புல்வெளி வெற்று நிலமாகவே பட்டது. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டிலும், மரக்கூழுக்காக யூகலிப்டஸும் பைனும் நடப்பட்டன. இவை உறைபனியைத் தாங்கும் மரங்கள். வாட்டில் தானே பரவவும் தொடங்கியது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளியாயிற்று. நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, தோட்ட மரங்களுக்கும் வேளாண்மைக்கும் போய்விட்டது என்கிறது அது. மழைநீரை மண்ணில் தேக்கி மெல்ல ஓடைகளுக்கு விட்டுவந்த பரப்பு இது. அந்த ஓடைகள்தாம் கீழே வைகைப் படுகைக்கு நீர் தருகின்றன.

அப்படியானால் எல்லாப் பைனையும் வெட்டிக் கிறிஸ்துமஸ் மரமாக்கிவிடலாமே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். விடை அவ்வளவு எளிதன்று. வாட்டிலை ஒரேயடியாக வெட்டினால் மண்ணில் உறங்கும் அதன் விதைகள் வெளிச்சம் கண்டு கூட்டமாக முளைக்கும். வேறொரு விந்தையும் உண்டு. முதிர்ந்த தோட்டங்களின் நிழலில் உறைபனி இறங்குவதில்லை. ஆகவே வெட்டவெளியில் பிழைக்க முடியாத சோலைமரக் கன்றுகள் பல இடங்களில் அந்த அயல் மரங்களின் அடியிலேயே வளர்ந்து வருகின்றன. தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. எந்தச் சரிவில் வெட்டிப் புல்லை மீட்பது, எந்தச் சரிவில் சோலை வளரட்டும் என்று விடுவது என்பதை ஒவ்வோர் இடத்திலும் நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.