சேறு மிதிப்பது கேவலமா?
பிச்சாவரம் பக்கம் எங்கள் ஊர். பத்தாவது வரை படித்தவள் நான். போன மழைக்காலம் முடிந்ததும், அலையாத்திக் காடு வளர்க்கும் வேலைக்கு, கூலியோடு மூன்று மாதப் பயிற்சி என்றனர், சேர்ந்து விட்டேன். 'குடும்பப் பொம்பளை சேறு மிதிக்கணுமா?' என்றார் மாமியார்.
அந்தக் காலத்தில் மரங்களை மொட்டையாக வெட்டிய இடமெல்லாம் மண் அமுங்கி, கடல் தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பேறிக் கிடக்கிறது. அங்கே சும்மா நட்டால் பிழைக்காது. மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, தண்ணீர் ஏறி இறங்கி உப்பைக் கழுவ விட வேண்டும். சுரபுன்னை விதையோ மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்குகிறது. அப்படியே சேற்றில் குத்தி விடலாம். தில்லை மரத்தை மட்டும் தொட மாட்டோம். அதன் பால் கண்ணுக்கு ஆகாது.
கூலியில் மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டினேன். அடுத்த தடவைக்கும் பெயர் கொடுத்தாயிற்று. மாமியார் தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை!