பகல் 12 மணிக்கு அறை பார்க்காதீர்கள்

கத்திரி வெயில் நெருங்கினால் வாசகர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது: “குழந்தைகள், வயதான அம்மாவோடு மதுரைக்குப் போகிறோம். எந்த மாதிரி ஹோட்டலில் ரூம் போட்டால் வெயில் தெரியாது?” கேட்பவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஸ்டார் கணக்கை, இல்லாவிட்டால் ஏசியின் டன் கணக்கை. இரண்டையும் விளம்பரக்காரர்களுக்கே விட்டுவிடலாம். முதலில் கேட்க வேண்டியது, அந்த அறைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் உச்சி மாடி அறைகளுக்கு மவுசு அதிகம். ஜன்னலைத் திறந்தால் கோபுரம். நண்பகலில் செக்-இன். ரூம் பாய் கதவைத் திறந்து காட்டுகிறார். உள்ளே பரவாயில்லை ரகம். பையை வைத்துவிட்டுக் கிளம்பி, கோயில் சுற்றி, ஜிகர்தண்டா குடித்து, இரவு எட்டு மணிக்குத் திரும்பினால் அறை அனலாய்க் கிடக்கிறது. ஃபேனைப் போட்டால் சீலிங் பக்கத்துச் சூடுதான் கீழே இறங்குகிறது. தெருவில் காற்று தணிந்துவிட்டது. அறைக்கு மட்டும் இப்போதுதான் உச்சி வெயில்.

உண்மையிலேயே இப்போதுதான். மதியம் மொட்டை மாடியில் விழுந்த வெயில் இத்தனை நேரமும் தளத்துக்குள் பயணத்தில் இருந்தது. அந்தப் பயணம் எனக்கு அலுக்காத விஷயம்.

கான்கிரீட் தளத்தை மெல்லிய படலங்களாக மனதில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படலமும் அரசு அலுவலகத்து மேசை ஒன்று. வெயில் கொடுக்கும் மனு முதல் மேசையில் விழுகிறது. அந்த மேசைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, தான் சூடான பிறகுதான் கோப்பை அடுத்த மேசைக்கு நகர்த்துவார். அடுத்தவரும் அப்படியே. கடைசி மேசையான உங்கள் சீலிங்குக்கு வரும்போது கோப்பு மெலிந்திருக்கும், பொழுதும் சாய்ந்திருக்கும். சாதாரண கான்கிரீட்டில் சுமார் 15 செ.மீ. உள்ளே போவதற்குள், பகல்-இரவு ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். உச்சம் வந்து சேர ஏறத்தாழ 4 மணி நேரம் தாமதமாகும். இதில் அழகு என்னவென்றால், மெலிவதும் தாமதமும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள். தடிமனைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும்.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். மாலையானதும் முதல் மேசை காலியாகிவிடும். நடு மேசைகளில் தேங்கிய கோப்புகள் இரண்டு பக்கமும் நகரும். பாதி வானத்துக்கே திருப்பி அனுப்பப்படும், மீதி உங்கள் தலைக்கு மேல் வந்து இறங்கும். மாடியில் வெள்ளைப் பூச்சு அடிப்பது, மனுவை முத்திரை குத்தும் முன்பே வாசலில் திருப்பிவிடுவது. செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்த தளம், நாலு மேசை கூடுதலாகப் போட்ட அலுவலகம். அங்கே உச்சம் இரவு ஏழெட்டு மணிக்குத்தான் வந்து சேரும். உவமை அறுந்துபோகும் இடம் ஒன்று உண்டு: வெப்பத்திடம் சிபாரிசு செல்லாது.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரை முடியாது என்பார்கள், சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கைப் போட்டவர் பிரெஞ்சுக்காரர் ஜோசப் ஃபூரியே. வெப்பம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1822இல் வந்தது. அதற்கு முன்பே நம் ஊர்க் கொத்தனார்கள் தேக்கு விட்டங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாக ‘மெட்ராஸ் டெரஸ்’ போட்டுக்கொண்டிருந்தார்கள். சமன்பாடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

‘ஏசி இருக்கிறதே’ என்பீர்கள். ஏசி குளிர்விப்பது காற்றை. சூடான சீலிங்கோ காற்றைக் கண்டுகொள்ளாமல் அகச்சிவப்புக் கதிராக நேரே உங்கள் மேல் வெப்பத்தை இறைக்கிறது. காற்று அதிகம் அசையாத அறையில் உடம்பு உணர்வது, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரிக்கும் நடுவில் உள்ள எண்ணை. காற்று 24, பரப்புகளின் சராசரி 34 என்றால் உடம்புக்கு அது 29. ரிமோட்டில் 24 என்று எழுதியிருப்பதால் ஒன்றும் ஆகாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி சீலிங், அறையைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், கதிர்வீச்சாக மட்டும் அரை கிலோவாட்டுக்கு மேல் கொட்டும். தூங்கும் மனிதர் வெளிவிடும் வெப்பம் 70, 80 வாட்தான். நீங்கள் நாலு பேர் படுத்த அறையில், வாடகை தராமல் இன்னும் ஏழெட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

சுவருக்கும் இதே கதைதான். மேற்குச் சுவரில் வெயில் உச்சமாக விழுவது மாலை நாலு, ஐந்து மணிக்கு. 9 அங்குலச் செங்கல் சுவரைக் கடக்க அதற்கு ஆறேழு மணி நேரம் வேண்டும். குழந்தைகள் அசந்து தூங்கத் தொடங்கும்போது சுவர் விழித்துக்கொள்ளும். இரவு பத்து மணிக்கு அலமாரிப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

சரி, எந்தப் பக்கம் கேட்பது? தெற்கு. பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் மதுரைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் நடுவில். அதன் பிறகு நண்பகலில் கூட அது நமக்கு வடக்கே சாய்ந்துதான் இருக்கும். மே மாதம் முழுக்க, உதயம் முதல் அஸ்தமனம் வரை, தெற்குச் சுவரில் நேர் வெயில் படாது. சென்னைக்கும் இது பொருந்தும். டிசம்பரில் நிலைமை தலைகீழ். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு மார்கழியில் என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

‘கூல் ரூஃப் போட்டிருக்கிறோம்’ என்று சில விடுதிகள் இப்போது பெருமை பேசுகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் வெள்ளைப் பூச்சு வேலை செய்வது வெள்ளையாக இருக்கும் வரைதான். தூசியும் பாசியும் ஏறினால் மனு மறுபடி உள்ளே போய்விடும். எப்போது பூசினீர்கள் என்று கேளுங்கள்.

ஆக, போனில் கேட்க மூன்று கேள்விகள் போதும். அறைக்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறதா? மேற்குச் சுவர் வெளிச்சுவரா, பக்கத்து அறையோடு ஒட்டியதா? ஜன்னல் எந்தப் பக்கம்? அறையை நேரில் பார்ப்பதானால் மாலை ஆறு மணிக்கு மேல், ஏசி போடும் முன் பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்கு அமைவது கோபுரம் தெரியாத, நடு மாடி, மலிவான அறையாகத்தான் இருக்கும். சீசனில் உச்சி மாடி மேற்கு அறைதான் மிச்சம் என்றால், கட்டிலை மேற்குச் சுவரை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லுங்கள், வாடகையில் தள்ளுபடியும் கேளுங்கள். காரணம் கேட்டால் மட்டும் ஃபூரியே பெயரைச் சொல்லாதீர்கள், பேரம் படியாது.