கார் ஸ்டீரியோவில் வழிகாட்டி: நெல்லைச் சாலைகளுக்குத் தேவையா?

பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு ஜி.பி.எஸ். உள்ள ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டலாமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கையில்தான் போன் இருக்கிறதே, இது எதுக்கு? நியாயமான கேள்வி. நம்ம தாமிரபரணிப் பக்கத்துச் சாலைகளை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் அடிப்படை. ஜி.பி.எஸ்.ஸுக்கு இணையம் தேவையில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். இணையம் வேண்டியது வரைபடத்துக்கும் நெரிசல் விவரத்துக்கும்தான். ஆகவே மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும்போது டவர் போனாலும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தால் அம்புக்குறி நகர்ந்துகொண்டே இருக்கும். போன், ஸ்டீரியோ இரண்டுக்கும் இது பொருந்தும். ஆனால் வனத்துறை அனுமதி வாங்கணும் என்பதை இரண்டுமே சொல்லாது!

வித்தியாசம் எங்கே? போன், கோள்களின் பாதை விவரத்தை டவர் வழியாகச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். நெட் இல்லாத ஸ்டீரியோ அதைக் கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அந்த வேகம் நொடிக்கு 50 பிட்தான். அதனால் வண்டியைக் கிளப்பியதும் அரை நிமிஷமாவது பொறுக்கணும். மறுபக்கம், ஸ்டீரியோவுக்குத் தனி ஆன்டெனா உண்டு. வானம் தெரிகிற மாதிரி டேஷ்போர்டில் ஒட்டினால் நன்றாகவே வேலை செய்யும். சித்திரை வெயிலில் கண்ணாடியோரம் மாட்டிய போன் சூடேறித் திரை மங்குகிற தொல்லையும் இல்லை.

கார் கம்பெனியே பொருத்தித் தரும் நேவிகேஷன் பலவற்றில், சக்கர வேகத்தையும் திரும்பும் கோணத்தையும் வைத்து, சமிக்ஞை இல்லாத இடத்திலும் கணக்குப் போட்டு ஓட்டும் வசதி உண்டு. வெளியே வாங்கி மாட்டுவதில் பெரும்பாலும் அது கிடையாது. நம்ம ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தளத்தில் போனால் தலைக்கு மேல் கான்கிரீட். மேல்தளமும் கீழ்த்தளமும் வரைபடத்தில் ஒரே கோடு. பாலம் சின்னது, நஷ்டமில்லை. நீண்ட சுரங்கப்பாதை என்றால் அம்புக்குறி நின்றுவிடும்.

உண்மையான ஆபத்து வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரைபுரண்டது, ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ரயில் நின்றுபோனது, பல ஊர்களில் செல்போன் சேவையும் இல்லை. இறக்கி வைத்த வரைபடத்துக்கு, தண்ணீருக்குள் மூழ்கிய தரைப்பாலமும் சாலைதான். "நேராகச் செல்லவும்" என்றுதான் சொல்லும். அந்த நேரத்தில் ஊர்க்காரர் பேச்சைத்தான் கேட்கணும்.

என் முடிவு: நேவிகேஷனுக்காக மட்டும் என்றால் ஸ்டீரியோ மாற்ற வேண்டாம், போனும் ஒரு நல்ல ஸ்டாண்டும் போதும். எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால், ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ளதாகப் பாருங்கள். போனில் ஓடும் அதே வரைபடம் பெரிய திரையில் தெரியும், போனை நிழலில் வைத்துக்கொள்ளலாம். மலைக்குக் கிளம்பும் முன் வரைபடத்தை இறக்க மட்டும் மறக்காதீர்கள்.